நாலாம் வளைவில் சத்தமில்லை

நவம்பர் 3, திங்கள்

கட்டுப்பாட்டு அறைக்கு வந்து இன்றோடு ஒரு மாதம். ஒன்பது வருஷம் ஆம்புலன்ஸில் நர்ஸாக மலையேறி இறங்கியவளுக்கு, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இன்னும் பழகவில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது. இனிமேல் குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதனால் இந்த வேலை. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை.

இந்த டைரி என் வீட்டுக்காரர் சென்றாயன் பால் சொசைட்டியிலிருந்து கொண்டுவந்தது. பத்து மாதமாக ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. "நாளெல்லாம் பேச ஆளில்லாம இருந்துட்டு, வந்து எங்கிட்ட கத்துற. இதுல எழுது மாதேசு" என்று என் பேரைச் சுருக்கிச் சொன்னார்.

சரி, எழுதுகிறேன். கரடிமலைக் கணவாயில் ஏழு வளைவுகள். உச்சியில் இருப்பது முதல் வளைவு, அடிவாரத்தில் ஏழாவது. ஒவ்வொன்றிலும் ஒரு ராடார், ஒரு கேமரா. வளைவில் வண்டி ஏதாவது நின்றுவிட்டால் பத்து விநாடியில் கண்டுபிடித்துவிடும். இங்கே என் மேஜையில் அலாரம் அடிக்கும். அரை கிலோமீட்டர் மேலே இருக்கிற பலகை 'முன்னே வண்டி நிற்கிறது, மெதுவாக' என்று சிவப்பில் எரியும். இறக்கத்தில் வருகிற லாரிக்காரன் அதைப் பார்த்து கியரை மாற்றிக்கொள்வான்.

இன்னொன்றும் உண்டு. ரோந்து ஜீப்பிலும் ஆம்புலன்ஸிலும் போகிறவர்கள் போடும் ஒளிரும் கோட்டில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்று தைத்திருக்கிறது. அவர்கள் சாலையில் நின்றால் என் திரையில் பேரோடு பச்சைப் புள்ளி தெரியும். மேலேயிருந்து ஏதாவது வேகமாக வந்தால் கோட்டு அதிர்ந்து கத்தும். வண்டி வருவதற்கு ஏழு விநாடி முன்னால்.

ரோந்து ஜீப் முனிரத்தினம் அண்ணன் முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு கேட்டார். "ஏழு செகண்டுல என்னம்மா பண்றது?"

"சாக்கடைக்குள்ள குதிக்கலாம்ணா."

"அப்ப சரி" என்றார்.

நான் இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. மலையில் ஒன்பது வருஷத்தில் நான் துணி போர்த்தியவர்களில் பாதிப்பேர் விபத்தில் சிக்கியவர்கள் இல்லை. விபத்தைப் பார்க்க இறங்கியவர்கள், உதவ வந்தவர்கள், டயர் மாற்ற நின்றவர்கள். முதல் மோதலைவிட இரண்டாவது மோதல்தான் ஆளைக் கொல்லும்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று அலாரம் நாற்பத்து மூன்று. அதில் முப்பத்தொன்று நாலாம் வளைவு.

நாலாம் வளைவில் முனியப்பன் இருக்கிறார். லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு கற்பூரம் காட்டிவிட்டுப் போவார்கள். அரை நிமிஷ வேலை. மெஷினுக்கு முனியப்பன் தெரியுமா? அலாரம் அடிக்கிறது, பலகை எரிகிறது, மேலே வருகிற வண்டியெல்லாம் பிரேக் போடுகிறது. ஒவ்வொரு அலாரத்துக்கும் நான் காரணம் டைப் அடிக்கவேண்டும். முனியப்பன். முனியப்பன். முனியப்பன்.

வீட்டுக்கு வந்தபிறகும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. குக்கர் விசில் வந்தபோது துள்ளிவிட்டேன். யாழினி சிரித்தாள். பத்தாவது படிக்கிறாள், அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற வயது.

நவம்பர் 5, புதன்

மேனேஜர் கோதண்டபாணி சார் அறைக்குள் வந்து என் பின்னால் நின்று அரை மணி நேரம் பார்த்தார்.

"வெள்ளி, சனி ரெண்டு நாளும் டெல்லியிலேர்ந்து ஆபீசருங்க வர்றாங்க. இப்படி பொய் அலாரமா அடிச்சா மெஷினே சரியில்லன்னு எழுதிடுவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலாம் வளைவ மட்டும் ரெண்டு நாளைக்கு அணைச்சு வைங்க. அவங்க போனதும் போட்டுடுங்க."

"சரிங்க சார்" என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

நாலாம் வளைவை அணைத்தேன். காலை ஆறு முதல் இரண்டு வரை மட்டும், என் ஷிப்டுக்கு மட்டும். என் பாஸ்வேர்டில்தான் திறக்கும். திரையில் ஏதோ கேட்டது. 'ஆம்' அழுத்தினேன்.

அறை அப்படியே அமைதியாகிவிட்டது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. டீயைச் சூடாகவே குடித்தேன்.

இரவுக்குத் தக்காளிச் சாதம். யாழினிக்கு நாளை கணக்குப் பரீட்சை.

நவம்பர் 8, சனி

ஆபீசர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அலாரம் ஏழு, ஏழும் உண்மை. கண்ணாடி போட்ட ஒருவர் என்னைப் பார்த்து, முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அதான் இவ்ளோ அக்கறை" என்று சாரிடம் சொன்னார். சார் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்.

திங்கட்கிழமை போட்டுவிடவேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

வேலை அதிகம். நாளை.

நவம்பர் 12, புதன்

மழை. ஆறு அலாரம். ஆறும் உண்மை.

நவம்பர் 14, வெள்ளி

நாலாம் வளைவில் டயர் வெடித்து ஒரு வேன். முனிரத்தினம் அண்ணனும், என் இடத்துக்கு வந்த நர்ஸ் சங்கவியும் போனார்கள். சங்கவிக்கு இருபத்தாறு வயது. அவளுக்கு மூன்று மாதம் நான்தான் வேலை சொல்லிக்கொடுத்தேன். ஊசி போடுவதை அல்ல, சாலையில் எப்படி நிற்பது என்பதை. வண்டிக்கு முதுகைக் காட்டாதே. மேலேயிருந்து வருகிற பக்கம் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்.

வேனுக்குப் பக்கத்தில் அவர்கள் இருவரும் நிற்கும்போது ஒரு டேங்கர் உரசிக்கொண்டு போனது. கை நீட்டினால் தொட்டிருக்கலாமாம். சங்கவி வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள்.

"அக்கா, மேல போர்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுடி. இந்த டிரைவருங்க எங்க பாக்கறாங்க."

"கோட்டும் அதிரலக்கா."

"மழையில நனைஞ்சிருக்கும். காய வெச்சுப் போடு."

சின்னப் பெண், பயந்துவிட்டாள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பும்முன் போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போனேன். அடுத்த ஷிப்டுக்கு வேலாயுதம் வந்துவிட்டான். அவன் முன்னால் திறந்தால் எதற்கு என்று கேட்பான்.

நவம்பர் 17, திங்கள்

சார் கூப்பிட்டார். மாதாந்திரக் கூட்டத்தில் நம் மலையைப் பற்றிப் பேசினார்களாம். பொய் அலாரம் இவ்வளவு குறைந்தது வேறெங்கும் இல்லையாம். ஜனவரியில் சென்னையில் ஒரு கூட்டம். அங்கே நான் பத்து நிமிஷம் பேசவேண்டுமாம். 'ஆம்புலன்ஸிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு' என்று தலைப்புகூட சொல்லிவிட்டார்.

போகும்போது வாசலில் நின்று, "நாலாம் வளைவு சரியா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

சரியாகத்தான் இருக்கிறது. கேமராவில் நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். மெஷினைவிட எனக்கு அந்த வளைவு தெரியும். இப்போது டீக்குக்கூட எழுந்து போவதில்லை. டிபன் பாக்ஸை மேஜையிலேயே வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் குறைவாகக் குடித்தால் வெளியே போகவேண்டியதில்லை.

நவம்பர் 19, புதன்

கண் சிவந்திருக்கிறது என்று சென்றாயன் கேட்டார். தூசி என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

பனி இறங்கிவிட்டது. காலை ஆறரைக்கு மூன்றாம் வளைவுக்குக் கீழே கேமராவில் ஒன்றுமே இல்லை. காய்ச்சாத பாலைத் திரையில் ஊற்றியது போல. நாலாம் வளைவை எட்டரை மணிவரை பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு முனிரத்தினம் அண்ணன் டீ குடிக்க வந்தார். கோட்டு வயிற்றில் பிடிக்கிறது, பெரிய சைஸ் வேண்டும் என்றார். எழுதி வைத்துக்கொண்டேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நாலாம் வளைவுல இப்பல்லாம் சத்தமே இல்லியே. முன்ன முனியப்பனாண்ட யாராச்சும் நின்னா போர்டு எரியும். இப்ப பாத்தா எரியறதில்ல."

"சாஃப்ட்வேர் மாத்திட்டாங்கண்ணா. கோயிலுக்கு நிக்கற வண்டி எதுன்னு அதுக்கே தெரியும்."

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார். "ஏம்மா, நீ ஏதும் அணைச்சு வெக்கலியே?"

"இல்லண்ணா."

"அப்ப சரி. நீ உக்காந்து பாத்துக்கினா எனக்கென்ன பயம்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். அவர் கழுவி வைப்பார்.

நவம்பர் 23, ஞாயிறு

லீவு. இட்லி ஊற்றும்போது திடீரென்று தோன்றியது: நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் அது அணைந்துதான் இருக்கிறது. வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாது. போன வாரமும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

போன் செய்து, "பனியா இருக்கு, நாலாம் வளைவ கொஞ்சம் பாத்துக்கங்க" என்றேன். "அலாரம் ஒண்ணும் வரலக்கா, எல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

மாவு தீய்ந்துவிட்டது. நாளை கண்டிப்பாக.

நவம்பர் 24, திங்கள்

இன்றும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

முனிரத்தினம் அண்ணன்.

நவம்பர் 27, வியாழன்

எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பது. சாமந்திப்பூ ஏற்றிய ஒரு மினி வேன் கிளட்ச் போய் நாலாம் வளைவில் தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. அந்த வேகத்தில் ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதி டிரைவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வந்த பஸ்காரர் போன் செய்து சொன்னார். எனக்கு அலாரம் வரவில்லை. ஜீப்பையும் ஆம்புலன்ஸையும் அனுப்பினேன். பனி.

திரையில் மூன்று பச்சைப் புள்ளிகள் வந்தன. முனிரத்தினம், சங்கவி, ஆம்புலன்ஸ் டிரைவர் இம்தியாஸ். கேமராவில் வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று சொன்னது அந்தப் புள்ளிகள் மட்டும்தான்.

மூன்றாம் வளைவு ராடார் ஒரு லாரியைக் காட்டியது. வேகம் எழுபத்து நாலு. மூன்றாம் வளைவில் நாற்பதுக்கு மேல் யாரும் வரமாட்டார்கள். அதற்குப் பிரேக் இல்லை, அல்லது டிரைவர் தூங்கிவிட்டான். பலகை எரிந்திருந்தால் விழித்திருப்பான் என்று நான் எழுதப்போவதில்லை. யாருக்குத் தெரியும்.

வாக்கியை எடுத்தேன். "விலகுங்க, விலகுங்க, லாரி" என்றேன். மூன்று தடவை சொன்னதாக நினைவு. பதிவில் ஒரு தடவைதான் இருக்கிறதாம்.

இம்தியாஸ் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் இருந்தான். சங்கவி பள்ளத்துப் பக்கம் குதித்தாள். அண்ணன் வேனின் சாலைப்பக்கக் கதவுக்குள் சாய்ந்து, டிரைவரின் கழுத்து அசையாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் உள்ளே.

டிரைவர் பிழைத்துவிட்டார்.

அண்ணன் பேர் எழுதிய புள்ளி நாற்பது அடி தள்ளிப் போய் நின்றது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஷிப்ட் முடிந்து எழுந்திருக்கும்வரை பச்சையாகவே இருந்தது.

கிளம்பும்முன் அந்தப் பக்கத்தைத் திறந்து நாலாம் வளைவைப் போட்டுவிட்டேன். வேலாயுதம் நின்றுகொண்டுதான் இருந்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

பனிதான் காரணம்.

நவம்பர் 29, சனி

நேற்று காரியத்துக்குப் போனேன். அண்ணனின் மனைவி ராஜம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் குரல் கேட்டுதான் அந்தப் பொண்ணு பொழச்சுதாமே. நீ நல்லா இரு" என்றார். எனக்குக் கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை. இலைக்கட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

இன்று சங்கவி வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று அவள் அம்மா சொன்னார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நான்தான்க்கா அண்ணன அந்தப் பக்கம் வரச்சொன்னேன். எனக்கு ஊசி ஏத்த ரெண்டு கையும் வேணும். தலைய யாராச்சும் பிடிக்கணும். ரோட்டுப் பக்கம் நிக்கவெச்சது நான்."

"உன் தப்பு இல்லடி."

திரும்பிப் பார்த்தாள். "அப்ப யாரு தப்பு?"

அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். சடை பின்னிவிட்டேன். அவள் அம்மா கும்பிட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

மெஷினைப் பொருத்திய கம்பெனியிலிருந்து ராபின் என்ற இன்ஜினியர் வந்தான். மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர். கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்து, நவம்பர் ஆறாம் தேதி, காலை ஆறு பதினேழு, என் பெயர், எல்லாவற்றையும் படித்தான். நான் 'ஆம்' அழுத்துமுன் திரையில் வந்ததையும் படித்தான். தமிழில்தான் இருந்தது.

"'இந்தப் பகுதியை நிறுத்தினால் எச்சரிக்கைப் பலகையும், பணியாளர் கோட்டு எச்சரிக்கையும் வேலை செய்யாது. தொடரவா?'"

மின்விசிறி ஓடியது. சார் அவனை வெளியே அனுப்பினார்.

"கோட்டும் நின்னுடும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கும் தெரியாதுங்க சார். படிக்காம அழுத்திட்டேன்."

"ரெண்டு நாளுன்னுதான் நான் சொன்னேன்."

"ஆமாங்க சார்."

"பதினேழாம் தேதி கேட்டேன். சரியா இருக்குன்னீங்க."

"ஆமாங்க சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன். யாழினிக்கு டெங்கு வந்தபோது லீவு இல்லாமல் இருந்த எனக்கு லீவு வாங்கிக்கொடுத்தவர். "அணைக்கச் சொன்னது நானு. போடாம விட்டது நீங்க. ரெண்டு பேருக்கும் குடும்பம் இருக்கு. பனியில ராடார் தெளிவா பாக்கலன்னு எழுதிடலாம். ராபின் பையன்கிட்ட நான் பேசறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

டிசம்பர் 3, புதன்

மதியம் இம்தியாஸ் போன் செய்தான். சங்கவி நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாகவே போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். 'என் கவனக்குறைவால் அவரை ஆபத்தான பக்கம் நிற்க வைத்தேன்' என்று. கையெழுத்தும் போட்டுவிட்டாளாம்.

"இனிமே அது நர்ஸ் வேலைக்கே போவ முடியாதுக்கா. மெஷின் கம்பெனிக்காரங்க அத அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க" என்றான்.

சாரிடம் போனேன். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. மேஜையைப் பார்த்துக்கொண்டே, "அதுவா போய் எழுதிக்குடுத்திருக்கு. நம்ம யாரும் சொல்லல. பனி, அப்புறம் இது. ரிப்போர்ட் முடிஞ்சுடும்" என்றார்.

"அவளுக்கு இருபத்தாறு வயசு சார்."

"சின்ன வயசு. வேற வேலை கெடைக்கும்."

டிசம்பர் 4, வியாழன்

படித்தேன்.

நவம்பர் ஆறாம் தேதி திரையில் வந்ததை அன்றைக்கே முழுதாகப் படித்தேன். 'ஏதோ கேட்டது' என்று இந்த டைரியில் எழுதியது பொய். கோட்டு எச்சரிக்கை என்ற இடத்தில் என் கண் நின்றது. ரெண்டு நாள்தானே என்று நினைத்தேன். அழுத்தினேன். பதினாலாம் தேதி சங்கவி 'கோட்டு அதிரல' என்று சொன்னபோது ஏன் அதிரவில்லை என்று எனக்குத் தெரியும். நனைந்திருக்கும் என்று சொன்னபோதும் தெரியும். இருபதாம் தேதி அண்ணன் நேராகக் கேட்டார். ஒரு சொல் போதும். 'ஆமாண்ணா' என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அவ்வளவுக்குப் பயந்தேன். மேடையில் பத்து நிமிஷம் பேச ஆசைப்பட்டேன். என்ன பேசுவது என்று குளிக்கும்போது சொல்லிக்கூடப் பார்த்தேன். சத்தமில்லாத அறை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்குச் சங்கவி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டீ போடப் போனார். வேண்டாம், இருங்கள் என்று அவரையும் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றிவளைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

முடித்ததும் சங்கவி கேட்டாள். "எத்தன நாளா?"

"பத்தொம்பது நாள்."

"டேங்கர் போனப்ப நான் கேட்டேனே."

"ஆமா."

"எரிஞ்சுதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நைட்டெல்லாம் கோட்ட ஃபேனுக்குக் கீழ காயப்போட்டேன்" என்றாள். "அப்புறம் தினமும் காயப்போட்டேன்."

அவள் அம்மாதான் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து விட்டார். நான் செருப்பைப் போடும்போது உள்ளே சங்கவி அழும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை அவள் அழவே இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். சார் சொன்னது, நான் செய்தது, நான் சொன்ன பொய்கள், தேதியோடு. சங்கவி எழுதியது தப்பு என்றும் எழுதினேன். டைரியைக் கேட்டார். நவம்பர் பக்கங்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். கேஸ் போடுவோம், ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்றார். பெண் போலீஸ் ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ராஜம்மாள் வீட்டுக்கும் போனேன். தெருவில் நாலு பேர் இருந்தார்கள். வாசலிலேயே சொன்னேன். முழுதும் கேட்டார். நல்லா இரு என்று சொன்னவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சென்றாயனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். ராத்திரி சோறு போட்டுக் கொடுத்தார். யாழினி என்னோடு பேசவில்லை. ஆனால் என் பாயை விரித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் 6, சனி

சஸ்பெண்ட் கடிதம் வந்தது. சாருக்கும் வந்ததாம். போன் செய்தார். எடுத்தேன். அவர் வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வைத்துவிட்டார்.

டிசம்பர் 8, திங்கள்

அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குச் சங்கவியிடமிருந்து போன். அக்கா என்று ஆரம்பிக்கவில்லை.

"நாளைலேர்ந்து டூட்டிக்குப் போறேன். ஸ்டேஷன்ல நான் எழுதிக்குடுத்த பேப்பர ரத்து பண்ணிட்டாங்க."

"கை?"

"பரவால்ல. காலைல உங்க நாற்காலில யாரு?"

"தெரியலம்மா."

"விசாரிச்சுச் சொல்லுங்க. பேரு, போன் நம்பரு. இத்தன நாளா அந்த ரூம்ல ஒரு அக்கா இருக்காங்கன்னு ரோட்டுல போய் நின்னேன். இனிமே யாரு பாக்கறாங்கன்னு தெரியாம நான் வண்டில ஏறமாட்டேன். அவங்ககிட்ட காலைல நானே கேக்கணும், எல்லாம் போட்டிருக்கான்னு."

வைத்துவிட்டாள்.

ஆபீசில் என் போனை முதலில் யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை வேலாயுதம் எடுத்தான். காலை ஷிப்ட் இனி அவன்தான் என்றான். சங்கவி கேட்பாள், கேட்கும்போது திரையைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல், பார்க்காமல் சொல்லாதே என்றேன். "சரிக்கா" என்றான். என்னை ஒருவர் அக்கா என்று கூப்பிட்டு நாலு நாளாகியிருந்தது.

அவன் பேரையும் நம்பரையும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஐந்தரைக்கே விழிப்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ஹைவே. கொல்லைப்பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். பனி. மலை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

எட்டே காலுக்கு ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் மேலே போனது. எந்த வளைவில் தேய்ந்தது என்று சத்தத்தை வைத்துச் சொல்லமுடியும், ஒன்பது வருஷம் கேட்டது. ஆனால் நாலாம் வளைவுக்கு மேல் எதுவும் கேட்காது. சென்றாயன் டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது. அவரும் பக்கத்தில் நின்றார்.

ஒன்பது இருபதுக்கு அது திரும்ப இறங்கி வந்தது. வீட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஊர்ப்பக்கம் போய் மறையும்வரை கேட்டேன்.

அதற்கப்புறம்தான் எழுந்து பல் விளக்கினேன்.